ஹாபிஸ், ஆரியா

போன மாதம் ராத்திரி ஷிப்டில்
லோடு ஆடி இடித்து ஒருவன் விழுந்த பிறகு
கம்பெனி எங்கள் எல்லோருக்கும் ஒரு குரலைக் கொடுத்தது.
பத்து நிமிட தியானம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு.
ஆறு மொழியில் இருக்கிறது என்றார் சேஃப்டி ஆபீசர்,
தமிழ் நாலாவது பட்டன்.

ஜுபைலில் ஜூலை. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை
வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது.
ஷெட்டில் அட்டை விரித்துப் படுத்து
காதில் மாட்டிக்கொண்டேன்.

"வசதியாக உட்காருங்கள்" என்றாள்.
படுத்திருந்தேன். அதை அவளிடம் சொல்ல வழியில்லை.
"இளவெயில் உங்கள் முகத்தை வருடுகிறது."
பக்கத்து அட்டையில் ஹர்கா பகதூர்
பனியனைப் பிழிந்துகொண்டிருந்தான்.
"கடற்கரை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள்."
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது, நிஜமாகவே,
மூன்று டேங்கரோடு, அலுமினியப் பாத்திரத்தின் நிறத்தில்.
கற்பனைக்கு இடம் மிச்சமில்லை.

"எண்ணங்கள் வரும். மேகம்போலப் போகவிடுங்கள்."
மேகமா?
இக்காமா முடிய இன்னும் பதினொரு நாள்.
மகளின் பல்லுக்குக் கம்பி, இருபத்தெட்டாயிரம்.
விழுந்தவனின் மஞ்சள் ஹெல்மெட் இரண்டு நாள்
விழுந்த இடத்திலேயே கிடந்தது,
காற்று அதில் மணலை நிரப்பியது.
எந்த மேகம் இத்தனை கனம்?

நாலாம் நாள் தூங்கிவிட்டேன். ஐந்தாம் நாளும்.
குறட்டை விட்டு தியானம் செய்கிறாய் என்றான் ஹர்கா.

அதோடு விட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை, அறுபது மீட்டர் மேலே
என் கண்ணாடிக் கூண்டில் இருந்தேன்.
ஒன்பது டன் வால்வு. டேங்குக்குப் பின்னால் இறக்க வேண்டும்.
கொக்கி சுவரைத் தாண்டி மறைந்தது.
இதற்குக் குருட்டுத் தூக்கு என்று பெயர்:
கண் இருந்தும் பயனில்லை,
ரேடியோவில் கீழேயிருந்து ஒரு குரல் மட்டும்.

"ஆரியா" என்றான் ஹர்கா. இறக்கினேன்.
"ஆரியா... ஆரியா... தோடா."
லீவர் ஒரு நெல் அளவு நகர்ந்தது.
"ஸ்டாப்."
ஒன்பது டன் தன் ஆட்டத்தைத்
தானே ஆடித் தீர்க்கட்டும் என்று காத்திருந்தோம்.
பதறிப்போய்ப் பிடித்தால் ஆட்டம் கூடும்,
பதினாலு வருடமாக இது கைக்குத் தெரியும்.
"ஹாபிஸ். தோடா."
ஏற்றினேன்.

அப்போதுதான் கவனித்தேன்.
அவன் ஹாபிஸ் என்றால் எனக்கு மூச்சு உள்ளே போகிறது,
ஆரியா என்றால் வெளியே வருகிறது.
எத்தனை காலமாகவோ!

இக்காமா அங்கேயே இருந்தது. பல்லும்.
மஞ்சள் ஹெல்மெட், மணலோடு.
எல்லாம் கம்பியில் தொங்கி ஆடின,
நான் பிடிக்கப் போகவில்லை.

"பைட் கயா" என்றான். உட்கார்ந்துவிட்டது.
கம்பி தளர்ந்தது. எனக்கு இரண்டு தோள் இருப்பதே
அவை கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது.

மறுநாள் மதியம் போனை எடுக்கவில்லை.
உட்கார்ந்தேன், கண்ணை மூடாமல்.
ஹர்காவிடம் கேட்டேன்:
அன்று ராத்திரி ரேடியோவில் யார்?

பனியனை விரித்துக் காயப்போட்டான்.
நாலு பேருக்கு ஒரு ரேடியோ, என்றான்.
பேட்டரி பத்து மணிக்கே போய்விட்டது.
கையைத்தான் ஆட்டினார்கள்.
இருட்டில்.

ஆறு மொழியில் குரல் இருக்கிறது.
பேட்டரி கேட்டு எழுதிய தாள்
ஆபீசரின் மேஜையில், ஸ்டேப்ளருக்கு அடியில்
இன்னும் இருக்கிறதாம்.

மூன்று மணி சைரனுக்கு ஐந்து நிமிடம்.
வெயில் ஷெட்டுக்குள் வந்து என் கால்விரலைச் சுட்டது.
இழுத்துக்கொள்ளவில்லை.
ஆரியா என்றேன், யாரிடமும் இல்லை,
கோபம் ஆடிக்கொண்டிருந்தது,
ஒன்பது டன்னுக்கு மேலிருக்கும்.
இறக்கும் இடம் எனக்குத் தெரியும்:
அந்த மேஜை.
மெதுவாக. தோடா.